வீட்டில் ஒரு தையல் அறை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த ஆடையைத் தைத்துத் தருபவர் எந்த இடத்தில் உட்கார்ந்து தைக்கிறார் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? கடைத்தெருவில் பெயர்ப்பலகை மாட்டிய தையற்கடைகளை எல்லோரும் அறிவோம். ஆனால் பெயர்ப்பலகை இல்லாத தையற்கடைகள் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு உள்ளன. அவை வீட்டுக் கூடத்திலும், தாழ்வாரத்திலும், அடுப்பங்கரை வாசலிலும் நடப்பவை. அவற்றை நடத்துபவர்கள் நம் தாய்மார்கள்.

என் அம்மா அப்படித் தைப்பவர். பதினைந்து ஆண்டுகளாகத் தைக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த வாசல் வரை என்னைக் கொண்டுவந்து சேர்த்ததில் அப்பாவின் வலைக்கு எவ்வளவு பங்குண்டோ அவ்வளவு பங்கு அம்மாவின் ஊசிக்கும் உண்டு. "இயற்பியல் படிக்கிறாயே, அதனால் வீட்டுக்கு என்ன பயன்?" என்று யாரேனும் கேட்டால், சொல்வதற்கு என்னிடம் இப்போது ஒன்று இருக்கிறது. சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் அம்மாவுக்கென்று ஒரு தையல் அறை அமைத்தோம். அதை எவ்வாறு அமைத்தோம், எங்கே தவறினோம், நாம் வகுப்பில் படிக்கும் பாடம் அதில் எங்கெங்கே கைகொடுத்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் துணியும்

எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் இடையே கடலை ஒட்டியுள்ள ஒரு குப்பம். மாமல்லபுரம் என்றால் கல்லும் சிற்பமும் எல்லோர் நினைவுக்கும் வரும். அதற்குத் தெற்கே உள்ள சதுரங்கப்பட்டினம் ஒரு காலத்தில் துணிக்குப் பெயர் பெற்றது என்பதைப் பலர் அறியார். 17ஆம் நூற்றாண்டில் அங்கே வணிகம் செய்த டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் சுவர்கள் இன்றும் கடலைப் பார்த்து நிற்கின்றன. மஸ்லின் என்னும் மெல்லிய பருத்தித் துணி அங்கிருந்து கப்பலேறிற்று. இந்தக் கடற்கரைக்கும் துணிக்கும் உள்ள உறவு பழையது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இயந்திரம் வந்த கதை

தையல் இயந்திரம் ஒருவர் ஒரு நாளில் கண்டுபிடித்தது அன்று. பிரான்சு நாட்டுத் தையற்காரர் திமோனியே 1830இல் ஓர் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய பட்டறையில் இராணுவச் சீருடைகள் தைக்கப்பட்டன. தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் அந்த இயந்திரங்களை அடித்து நொறுக்கினர். 1846இல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோ, கூர்முனையிலேயே காதுள்ள ஊசியையும் அடியில் ஓடும் இரண்டாவது நூலையும் இணைத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கைத்தையல் ஊசிக்குக் காது பின்புறம் இருக்கும். இயந்திர ஊசிக்கு முன்புறம் இருக்கிறது. இந்தச் சிறு மாற்றத்தில்தான் முழு இயந்திரமும் அடங்கியிருக்கிறது எனலாம். மேல்நூலை ஊசி துணிக்கு அடியில் கொண்டுபோய் ஒரு கண்ணியாக விடுகிறது; அந்தக் கண்ணிக்குள் பாபின் நூல் புகுந்து வருகிறது; இரண்டும் துணியின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. 1851இல் ஐசக் சிங்கர் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய நிறுவனம் இயந்திரத்தைத் தவணை முறையில் விற்று வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தது. நம் நாட்டில் 1930களில் கல்கத்தாவில் ஜெய் என்ஜினியரிங் நிறுவனம் 'உஷா' இயந்திரத்தைச் செய்யத் தொடங்கியது.

இயந்திரங்களை வெறுத்தவர் என்று பலரும் நினைக்கும் காந்தியடிகள் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார் என்பது சுவையான செய்தி. 1924இல் தில்லியில் ஜி. இராமச்சந்திரன் என்னும் மாணவர், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று அடிகளிடம் கேட்டார். அப்போது அந்த மாணவருக்கு வயது இருபது. பின்னாளில் தம் துணைவியார் சௌந்தரம் அம்மையாருடன் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர் அவரே. அடிகள் தம் விடையில் சிங்கர் இயந்திரத்தைப் பயனுள்ள சிலவற்றுள் ஒன்றாகக் குறிப்பிட்டார். கையால் தைத்து அல்லலுறும் மனைவியைக் கண்டு அன்பு மேலிட்டு ஒருவர் செய்த கருவி அது என்பது அவர் சொன்ன காரணம். சிங்கரின் வாழ்க்கையை ஆராய்ந்தவர்களோ அவர் பணத்தை நாடித்தான் இதில் இறங்கினார் என்கின்றனர். அது எப்படியாயினும், வேலை செய்பவரின் உடல் வருத்தத்தை நினைத்துக் கருவி செய்ய வேண்டும் என்ற அடிகளின் கருத்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

செங்கற்பட்டில் 1923இல் பிறந்து, தமிழக அமைச்சராகவும் பின்னர் மத்திய அமைச்சராகவும் விளங்கியவர் சத்தியவாணி முத்து அம்மையார். அவர் நினைவாகவே தமிழக அரசின் இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் பெயர் பெற்றுள்ளது. கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் இதனால் பயன்பெறுகின்றனர். எங்கள் தெருவில் ஓர் அக்கா அப்படி ஓர் இயந்திரம் பெற்றார். அவர் வீட்டுக்கு நான் போயிருந்தபோது, இயந்திரத்தின் மேல் அரிசி மூட்டை இருந்தது. "வைக்க எடம் இல்ல பாப்பா. தைக்கும்போது மூட்டைய எறக்குவேன், அப்புறம் ஏத்துவேன்" என்றார். இயந்திரம் கிடைத்துவிட்டது, இடம் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டிலும் அதே நிலைமைதான்.

ஒரு புயலும் ஒரு கணக்கும்

எங்கள் வீட்டில் ஒரு கூடம், ஓர் அடுப்பங்கரை, பின்பக்கம் ஒரு வலை அறை. அம்மாவின் இயந்திரம் பழைய கறுப்பு உஷா. செங்கற்பட்டில் பழைய விலைக்கு வாங்கியது. அது கூடத்தின் மூலையில் இருக்கும். காலையில் பாய்களைச் சுருட்டிய பிறகு அதை நடுவுக்கு இழுப்பார். தரையில் பழைய புடவையை விரித்துத் துணி வெட்டுவார். அந்தி மயங்கியதும் வெட்டிய துண்டுகளைப் பொறுக்கி, மூட்டை கட்டி, இயந்திரத்தை மூலைக்குத் தள்ளி, தரையைக் கூட்டிப் பாய் விரிப்பார்.

2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்தது. அப்போது நான் மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கிவிட்டோம். விடிந்து வந்து பார்த்தால் கூடத்துக்குள் தண்ணீர். பொங்கலுக்கும் தை மாதக் கல்யாணங்களுக்கும் வந்திருந்த ஜாக்கெட் துணிகள் பதினொன்று மூட்டையோடு நனைந்து, சிவப்புச் சாயம் இறங்கி, ஒன்றோடொன்று கறை பிடித்திருந்தன. அம்மா அழவில்லை. ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சொன்னார். நான்கு பேர் பெருந்தன்மையாக விட்டுவிட்டனர். ஏழு துணிகளுக்கு அம்மா பணம் கொடுத்தார். அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் புதுத்துணி இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. துணியை வைக்க உயரமான ஓர் அலமாரி இருந்திருந்தால் அந்தப் பதினொன்றும் தப்பியிருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கல்லூரியில் சேர்ந்த பின், அளவிடாமல் எதையும் சொல்லாதே என்று எங்கள் செய்முறை வகுப்பில் கற்றுக்கொண்டேன். அதன்படி ஒரு வேலை செய்தேன். அம்மா தையலுக்காகப் பொருள்களை எடுத்து வைக்கவும், மறுபடி ஒதுக்கி வைக்கவும் ஆகும் நேரத்தைப் பதினான்கு நாள் கடிகாரம் பார்த்துக் குறித்தேன். சராசரி நாளொன்றுக்கு 35 நிமிடம் வந்தது. ஆண்டில் 300 நாள் தைக்கிறார் என்று கொண்டால் 10,500 நிமிடம். அதாவது 175 மணி நேரம். நாளைக்கு எட்டு மணி நேர வேலை எனக் கணக்கிட்டால் ஏறக்குறைய 22 நாள். ஆண்டுதோறும் இருபத்திரண்டு நாள் என் அம்மா ஒரு தையல்கூடப் போடாமல், விரிப்பதும் மடிப்பதுமாகவே உழைத்திருக்கிறார்!

இந்தக் கணக்கை ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கணக்கு நன்றாக வரும். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். பிறகு, "கடலுக்குப் போறதுக்கு முன்னாடி தெனம் வலைய வேற எடத்துலேர்ந்து தூக்கியாந்து, வந்தப்புறம் மறுபடியும் தூக்கிப் போய் வெக்கணும்னா எனக்கே வெறுத்துடும். இவ பதினஞ்சு வருஷமா அதைத்தான் செய்யிறாளா?" என்றார்.

அப்பாவின் வலைக்கு எங்கள் வீட்டில் ஓர் அறை இருந்தது. அம்மாவின் துணிக்கு இல்லை. இது யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று. யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். "வலைய வெளியில போட்டா எலி கடிச்சிடும். ஒரு வலை என்ன வெல தெரியுமா?" என்று தடுத்தவரும் அம்மாதான். இரண்டு நாள் இந்தப் பேச்சு நடந்தது. மூன்றாம் நாள் அப்பா பின்புறச் சுவரை ஒட்டித் தார்ப்பாய் போட்டு ஒரு சார்ப்பு இறக்கினார். வலைகளை அதன் விட்டத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு, எலி இறங்காதபடி கயிற்றில் தகர வட்டங்களைக் கோத்தார். வலை அறை காலியாயிற்று.

இனி, அறையை அமைத்த முறையை ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. இடம்

அறையின் நீளம் பத்தடி, அகலம் எட்டடி. தையல் அறைக்கு இது தாராளம். இதைவிடச் சிறியதாயினும் போதும். ஆனால் மூன்று வேலைக்கு மூன்று இடம் வேண்டும். வெட்ட ஓரிடம், தைக்க ஓரிடம், இஸ்திரி போட ஓரிடம். இம்மூன்றும் இரண்டு அடி எடுத்து வைத்தால் எட்டும்படி முக்கோணமாக இருந்தால் நடை குறையும். தைத்த துணி உடனே இஸ்திரிக்குப் போகும். இஸ்திரியான துணி அடுத்த தையலுக்குத் திரும்பி வரும்.

அறையில் பல ஆண்டுகள் வலை கிடந்ததால் சுவரிலும் தரையிலும் உப்பு ஊறியிருந்தது. அதன்மேல் வண்ணம் பூசினால் நில்லாது. உப்பு மீண்டும் படிகமாகிப் பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே பூக்கும். ஆகவே நல்ல தண்ணீரால் மூன்று முறை தேய்த்துக் கழுவி, பத்து நாள் காயவிட்டு, பிறகே சுண்ணாம்பு அடித்தோம். வெள்ளைச் சுவர் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அறையின் வெளிச்சமும் கூடிற்று.

2. ஒளி

தையல் வேலையில் முதலில் கெடுவது கண். எனவே ஒளி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

தையல் இயந்திரத்தில் தைப்பவருக்கு வலப்புறம் தூணும் சக்கரமும், இடப்புறம் ஊசியும் உள்ளன. வலப்புறமிருந்து ஒளி வந்தால் தூணின் நிழல் ஊசியின் மேல் விழும். பின்னாலிருந்து வந்தால் தைப்பவரின் நிழலே விழும். எனவே சன்னல் இடப்புறம் இருக்க வேண்டும். எங்கள் அறையில் அம்மா கிழக்கு நோக்கி உட்கார்ந்தால் இடப்புறம் வடக்கு. வடக்குச் சன்னலில் வெயில் நேராக விழாது, சீரான ஒளி வரும் என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் கூறும். நம் ஊருக்கு இது முழுவதும் பொருந்தாது. செங்கற்பட்டு ஏறத்தாழ 12.7 பாகை வட அட்சத்தில் உள்ளது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஆனால் சூன் 21ஆம் நாள்கூட அது உச்சியிலிருந்து 11 பாகைக்கு மேல் வடக்கே சாய்வதில்லை. 11 பாகையின் டான்ஜென்ட் 0.194. ஆகவே சன்னலுக்கு மேல் ஓரடி நீண்ட சன்ஷேடு இருந்தால் நண்பகலில் அதன் நிழல் ஐந்தடி வரை கீழே இறங்கும். நான்கடிச் சன்னலுக்கு இது போதும். காலையிலும் மாலையிலும் சாய்வாக வரும் வெயிலுக்கு அப்பாவின் பழைய வெள்ளை வேட்டி திரையாயிற்று.

இரவு நேரத்துக்கு விளக்கு. கூடத்தில் 20 வாட் எல்.இ.டி. விளக்கு, துணிக்கு ஆறடி உயரத்தில் இருந்தது. புதிய அறையில் 5 வாட் விளக்கை ஊசிக்கு ஒன்றரை அடி தொலைவில் பொருத்தினோம். ஒளிச்செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறும் என்பதை நாம் படித்திருக்கிறோம். தொலைவு கால்பங்கானதால் செறிவு பதினாறு மடங்கு ஆகிறது. விளக்கின் திறன் கால்பங்கானதால் அதில் நான்கில் ஒன்றாகக் குறைகிறது. இருந்தும் முன்னைவிட நான்கு மடங்கு வெளிச்சம் துணியில் விழுகிறது; மின்செலவோ கால்பங்கு! எந்த விளக்கு நல்லது என்று கேட்பதைவிட விளக்கை எங்கே வைப்பது என்று கேட்பதே முதன்மையானது. கண்ணில் நேரே படாதபடி விளக்குக்கு ஒரு தகர மறைப்பும் வேண்டும்.

3. காற்றும் உப்பும்

இங்கேதான் நான் தவறினேன். அறை புழுக்கமாக இருக்கிறதே என்று முதலில் கிழக்குச் சுவரில், கடலைப் பார்த்தாற்போல் சன்னல் வைக்கச் சொன்னேன். அம்மா வேண்டாம் என்றார். நான்தான் 'காற்றோட்டம்' பற்றிப் பேசி வென்றேன். கடற்காற்று சுகமாக வந்தது. இருபதே நாளில் பாபின் கேஸிலும், துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்திலும், ஊசிகளிலும் பழுப்புப் புள்ளிகள் தோன்றின. வெள்ளை ஜாக்கெட் ஒன்றில் துருக்கறை விழுந்தது.

காரணம் எளியது. கடற்காற்று நுண்ணிய உப்புத் துகள்களைச் சுமந்து வருகிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியும். கல்லுப்புச் சாடி மழைக்காலத்தில் நீர் விடுவது இதனால்தான். இரும்பின்மேல் அப்படியொரு கரைசல் படலம் அமர்ந்தால் துருப்பிடித்தல் விரைவாக நடக்கும். எங்கள் கரையில் விடியற்காலை ஈரப்பதம் பெரும்பாலும் 75க்கு மேல்தான்.

கிழக்குச் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, வடக்கே புதிதாகத் திறந்தோம். இரண்டு முறை செலவு. அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதுமான தண்டனையாக இருந்தது. பதினைந்து ஆண்டு ஒரு வேலையைச் செய்தவரின் 'வேண்டாம்' என்ற சொல்லும் ஓர் அளவீடுதான் என்பதை அன்று அறிந்தேன்.

இப்போது நாங்கள் கடைப்பிடிக்கும் முறைகள் வருமாறு: வேலை முடிந்ததும் இயந்திரத்தை உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை தடவிவிட வேண்டும். மேலே பருத்தித் துணியுறை போட வேண்டும். பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் போர்த்தினால் ஈரம் உள்ளேயே தங்கும். ஊசிகளை இறுக மூடும் சிறு டப்பாவில் வைக்க வேண்டும். முறிந்த ஊசிகளை ஒரு புட்டியில் சேர்க்க வேண்டும். தரையில் விழுந்த குண்டூசிகளைப் பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தால் எடுத்துவிடலாம்.

எண்ணெய் பற்றி ஓர் எச்சரிக்கை. தையல் இயந்திரத்துக்கென்று விற்கும் எண்ணெயையே விட வேண்டும். அம்மா முன்பு தேங்காய் எண்ணெய் விடுவார். மார்கழி விடியலில் இயந்திரம் இறுகி நிற்கும். வெயில் ஏறினால் தானே ஓடும். இயந்திரத்துக்குக் குளிர் ஆகாது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸில் உறையும் என்பதுதான் அதன் மர்மம். தவிர, அது நாட்பட்டுப் பிசினாகவும் மாறும்.

4. உயரமும் உடலும்

தரையில் குனிந்து துணி வெட்டுவதால் அம்மாவுக்குத் தீராத இடுப்பு வலி. நெம்புகோல் தத்துவம் இதை விளக்கும். குனியும்போது மேலுடலின் எடை முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து ஏறக்குறைய ஓரடி முன்னே தள்ளிச் செயல்படுகிறது. அதைத் தாங்கும் முதுகுத் தசையோ எலும்பிலிருந்து இரண்டு அங்குலத் தொலைவில்தான் இருக்கிறது. எனவே தசை அந்த எடையைப்போல் ஐந்தாறு மடங்கு விசையுடன் இழுக்க வேண்டும். நின்றபடி வெட்டினால் இச்சுமை பெரிதும் குறையும்.

பழைய வீடு ஒன்றை இடித்தபோது கிடைத்த கதவை, தெற்குச் சுவரை ஒட்டி இரண்டு மரத்தாங்கிகளின் மேல் கிடத்தினோம். அதுவே வெட்டும் மேசை. உயரம் எவ்வளவு? நின்று முழங்கையை மடித்தால் முழங்கை இருக்கும் உயரத்திலிருந்து மூன்று நான்கு அங்குலம் குறைத்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு 34 அங்குலம் வந்தது. ஒவ்வொருவரும் தம் உடலை அளந்துதான் இதை முடிவு செய்ய வேண்டும். துணிகளுக்கான அலமாரியைத் தரையிலிருந்து நான்கடிக்கு மேல் அமைத்தோம். அது மாண்டஸ் கற்பித்த பாடம்.

மிதி இயந்திரத்துக்கு மோட்டார் போடலாமா என்றும் ஆராய்ந்தேன். அடியிலுள்ள பெரிய சக்கரத்தின் சுற்றளவை இஞ்ச் டேப்பால் அளந்தேன்: 38 அங்குலம். மேலே பெல்ட் ஓடும் பள்ளத்தின் சுற்றளவு ஒன்பதரை அங்குலம். ஆகவே ஒரு மிதிக்கு நான்கு தையல். நிமிடத்துக்கு நூறு மிதி மிதித்தால் 400 தையல். அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் வீதம் 33 அங்குலம் தைக்கலாம். ஜாக்கெட் தைக்க இது போதும். புயல் காலத்தில் நாள்கணக்கில் மின்சாரம் இராத எங்கள் ஊரில் காலே நம்பிக்கையான மோட்டார் என்று அம்மா சொல்லிவிட்டார். இந்த முறை அவர் பேச்சை மறுக்கவில்லை.

5. மின்சாரம்

இஸ்திரிப் பெட்டி 1000 வாட் எடுக்கிறது. 230 வோல்ட்டில் இது நான்கு ஆம்பியருக்கு மேல். விளக்குக் கம்பியிலேயே இதையும் இணைப்பது கூடாது. தனிக் கம்பி, நில இணைப்புள்ள மூன்று துளை பிளக், மின்கசிவு கண்டால் தானே அணையும் கருவி ஆகியவை கட்டாயம் வேண்டும். கடலோரத்தில் நில இணைப்புக் கம்பியும் அரித்துப் போகும். ஆண்டுக்கொருமுறை மின்பணியாளரைக் கொண்டு பார்க்க வேண்டும். கூரை விசிறி காகித அளவுகளையும் நூலையும் பறக்கவிடும். சுவர் விசிறியைப் பின்புறமாக வைப்பதே நன்று.

6. செலவு

சன்னலுக்கும் கொத்தனார் கூலிக்கும் 4,200 ரூபாய் (என் தவறுக்கான 1,100 ரூபாய் இதில் அடக்கம்). மின் இணைப்புக்கு 1,850. சுண்ணாம்பு, ஆணி, கீல் முதலியவற்றுக்கு 750. அலமாரிப் பலகைக்கு 1,300. ஆக மொத்தம் 8,100 ரூபாய். அம்மாவின் சீட்டுப் பணம் 5,000. மீதி 3,100, புதுமைப்பெண் திட்டத்தில் மாதந்தோறும் எனக்கு வரும் ஆயிரம் ரூபாயில் சேர்த்து வைத்தது. என் படிப்புக்கு வந்த பணத்தை இதற்கு எடுக்கலாமா என்று அம்மா தயங்கினார். இதுவும் என் படிப்புதான் என்று சொன்னேன்.

முடிவாக

அறை அமைந்த முதல் வாரம் அம்மா பழக்கத்தை விடவில்லை. மாலையானதும் துண்டுகளையெல்லாம் பொறுக்கி மூட்டை கட்டிவிடுவார். "அப்படியே வச்சிட்டுப் போனா மனசு கேக்கல" என்பார். ஒரு நாள் மாலை நான் கல்லூரியிலிருந்து திரும்பியபோது கை தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட் ஒன்று ஊசியின் கீழே அப்படியே இருந்தது. வெட்டிய துண்டுகள் மேசைமேல் வரிசையாகக் கிடந்தன. அம்மா அடுப்பங்கரையில் இருந்தார். மறுநாள் காலை விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினார்.

வரவு பெருகிவிட்டதா என்று கேட்பீர்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று ஜாக்கெட் கூடுதலாகத் தைக்கிறார். இடுப்பு வலி குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. ஐப்பசி மழையில் சார்ப்பில் கிடந்த ஒரு வலையை எலி கடித்துவிட்டது. அப்பா அதைப் பற்றி ஒன்றும் பேசாமல் இரண்டு மாலை உட்கார்ந்து வலை ஊசியால் சரி செய்தார். தையல் அறைக்கு அவரும் ஒரு விலை கொடுத்திருக்கிறார் என்பதை நான் மறக்கவில்லை.

அன்பு மாணவ நண்பர்களே! தனி அறை எல்லார் வீட்டிலும் இயலாது என்பதை அறிவேன். அறை இல்லாவிட்டால் தாழ்வாரத்தில் ஒரு மூலை போதும். மூலையும் இல்லாவிட்டால் சுவரில் கீல் போட்டு மடக்கும் ஒரு பலகையும், நான்கடி உயரத்தில் ஓர் அலமாரியும், ஊசிக்கு ஒன்றரை அடியில் ஒரு சிறு விளக்கும் போதும். முதலில் ஒரு வாரம் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டில் உழைப்பவரைக் கவனியுங்கள். எடுத்து வைப்பதிலும் ஒதுக்கி வைப்பதிலும் போகும் நேரத்தைக் குறித்து, கூட்டிப் பாருங்கள். அந்தக் கணக்கை இரவுச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி படித்துக் காட்டுங்கள். மற்றதை வீட்டார் சேர்ந்து முடிவு செய்வார்கள்.